ஷமோனி ஊரிலிருந்து தெரியும் மலைகளை எப்படி அடையாளம் காண்பது?

காரைக்கால்காரி (சேந்த் ஆந்த்ரே, ரெயூனியன்)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜூன் கடைசியில் பத்து நாள், பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கும் ஷமோனியில் இருக்கப் போகிறேன். மகள் அங்கே ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாள், இந்த வருஷம்தான் வாய்த்தது. பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.

கேள்வி இதுதான். ஊருக்குள் நின்று தலை நிமிர்ந்தால் தெரிகிற மலைகளில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மகளைக் கேட்டால், "அம்மா, எல்லாம் மோன் பிளாங்தான்" என்கிறாள். அவள் அனுப்பும் படங்களில் வரிசையாகக் கூரான பாறைகள், பக்கத்தில் வெள்ளையாக ஒரு கூன், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கூன். எல்லாமே ஒரே மலையாக இருக்க முடியாது என்பது மட்டும் புரிகிறது.

பேர் தெரியாமல் ஒரு மலையைப் பார்த்துவிட்டு வர எனக்கு மனசில்லை. 1986இல் கல்யாணமாகி காரைக்காலிலிருந்து இங்கே வந்தபோது எனக்கு இந்தத் தீவில் பேசும் கிரயோல் மொழி ஒரு வார்த்தை தெரியாது. மாமியாருக்குத் தமிழ் என்றால் கோயிலில் பாடும் பாட்டு மட்டும்தான். வந்த மாதமே என்னை சிலாவோஸில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு, அந்த நானூறு வளைவுப் பாதையில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலை வாசலில் நிறுத்தி, கையை நீட்டி நீட்டிப் பேர் சொன்னார். பித்தோன் தே நேஜ், குரோ மோர்ன், அந்த மூன்று குத்துக்கல் த்ருவா சலாஸ், இந்தப் பக்கம் கிரான் பெனார். நான் திருப்பிச் சொன்னேன். நாங்கள் இருவரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். இன்றைக்கும் சிலாவோஸ் போனால் வண்டியை விட்டு இறங்கியதும் அந்த நான்கு பேரையும் மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், பம்பாயில் ஏறி இறங்குவார். 1950இல் "மலபார் பிரின்சஸ்" என்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங்கில் மோதியதைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். அவர் கப்பலுக்குப் போகும் முன்பே நடந்தது அது. ஆனால் கப்பலில் இருந்த மூத்தவர்கள் அதைப் பேசாத நாள் இல்லையாம். ஏனென்றால் அதில் போனவர்களில் பெரும்பாலானோர் இங்கிலாந்தில் நின்ற கப்பலில் வேலைக்குச் சேரப் போன நம் நாட்டு மாலுமிகள். இந்தத் தீவில் நம் ஆட்களையெல்லாம் மலபார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே வந்த புதிதில் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு அப்பா சொன்ன விமானம்தான் நினைவுக்கு வரும். அது எந்த இடம், ஊரிலிருந்து பார்த்தால் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்போன்_முத்து (ரெயூனியன்)

அக்கா, வணக்கம். நான் ஷமோனியில் மூன்று குளிர்காலமும் ஒரு கோடையும் வேலை பார்த்தவன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் காய்கறி வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். சமையற்கட்டின் பின்கதவைத் திறந்தால் நேர் எதிரே மலை. குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடமானது. உங்கள் மகளுக்குக் கோபம் வரக் கூடாது, ஆனால் எல்லாம் மோன் பிளாங் இல்லை.

முதலில் நிற்கிற இடம். ஊர் நடுவில் ஆர்வ் என்ற ஆறு ஓடுகிறது. பனியாற்றுத் தண்ணீர் என்பதால் பால் கலந்த சாம்பல் நிறம். அதன் பக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது, இரண்டு பேர். ஒருவர் கையை உயர்த்தி மலையைக் காட்டுகிறார், அவர் ஜாக் பல்மா. பக்கத்தில் நிற்பவர் ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சொசூர். உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760இல் சொன்னவர் அவர்தான். இருபத்தாறு வருஷம் கழித்து, 1786 ஆகஸ்ட் 8ஆம் தேதி, பல்மாவும் அந்த ஊர் டாக்டர் மிஷேல் பக்காரும் ஏறினார்கள். டாக்டருக்கு அந்தச் சிலையில் இடம் இல்லை. அவருக்குத் தனியாக ஒரு சிலை வைக்க இருநூறு வருஷம் ஆயிற்று. அதையும் தேடிப் பாருங்கள் அக்கா, ஏறியவர் அவர்.

சரி, பல்மாவின் விரல் போகும் திசையில் பாருங்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. பெரிதாக, உருண்டையாக, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கூன் தெரியும். அதுதான் மோன் பிளாங் என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது தோம் து கூத்தே, 4,304 மீட்டர். உண்மையான உச்சி அதற்கு இடது பக்கம், கொஞ்சம் பின்வாங்கி, அதைவிடத் தாழ்ந்தது போல நிற்கும். பின்னால் இருப்பதால்தான் அப்படி. அதன் உயரம் 4,800ஐத் தாண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் தப்பான மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஊர்ப் பாட்டி ஒருவர்தான் திருத்தினார்.

இப்போது அங்கிருந்து இடது பக்கமாக வாருங்கள். கூரான ஊசியாக, தலையில் கம்பி நட்டது போல ஒன்று தெரியும். அது எகுய் து மிதி, 3,842 மீட்டர். எகுய் என்றால் ஊசி, மிதி என்றால் நண்பகல். ஊருக்குள் நின்று பார்த்தால் உச்சிவேளையில் சூரியன் அதற்கு மேலே வரும். அந்தக் கம்பி, ரோப் கார் நிலையத்தின் கோபுரம். அதைப் பார்த்தால் இந்த மலையை மட்டும் யாரும் தப்பாகச் சொல்ல முடியாது.

அதற்கும் இடது பக்கம் பல் வரிசை மாதிரி பாறைகள்: பிளான், பிளேத்தியேர், கிரெப்போன், ஷார்மோ. இவற்றை மொத்தமாக ஷமோனி ஊசிகள் என்பார்கள். இந்த நான்கையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கே ஒரு முழுக் கோடை ஆயிற்று, நீங்கள் பத்து நாளில் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் த்ரு மலையை விடாதீர்கள். ஊரிலிருந்து லே பிரா பக்கம் அரைமணி நேரம் நடங்கள், சின்னத் தேவாலயம் வரும். அங்கிருந்து பார்த்தால் கல்லை இழைத்து நிறுத்தியது போல த்ரு நிற்கும். அதன் பின்னால் எகுய் வெர்த், 4,122 மீட்டர். 2005இல் த்ருவின் ஒரு பெரிய தூணே இடிந்து விழுந்தது. பாறை இடுக்கில் உறைந்திருந்த பனிதான் கல்லைப் பிடித்து வைத்திருந்தது, அது உருகுகிறது. விழுந்த இடம் இன்னும் வெளிறிப்போய்த் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் இருப்பவற்றை மறந்துவிட்டேனே. எதிர்ப்பக்கம் பிரேவான், 2,525 மீட்டர், அதைத் தொடர்ந்து சிவப்பு ஊசிகள் என்ற மலைவரிசை. சாயங்கால வெயிலில் அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியும். உயரத்தில் நம் பித்தோன் தே நேஜைவிடச் சின்னவைதான், ஆனால் மோன் பிளாங்கை முழுசாகப் பார்க்க அவற்றின் மேல்தான் ஏற வேண்டும்.

விமானம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது மோன் பிளாங் உச்சிக்குச் சற்றுக் கீழே நடந்தது. தோமுக்கும் உச்சிக்கும் கீழே, ஊரை நோக்கி நாக்கு நீட்டியது போல ஒரு பனியாறு இறங்கி வரும், அதன் பேர் போசோன். அதைப் பார்த்தாலே போதும். ஏன் என்று வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கோவில்மலை (கத்ர் போர்ன், மொரிஷியஸ்)

அம்மா, மலைப் பேர்களை முத்துத் தம்பி சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தீவில் ஆக உயரமான மலையே 828 மீட்டர்தான். தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படியேறுவோம், அதுதான் எங்களுக்குத் தெரிந்த மலையேற்றம். அந்தத் தைரியத்தில் நானும் வீட்டுக்காரியும் ஷமோனி போன மறுநாளே எகுய் து மிதிக்கு ரோப் காரில் ஏறினோம். இருபது நிமிஷத்தில் 2,800 மீட்டர் தூக்கிவிடுகிறது. மேலே கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வீட்டுக்காரி நான்கு படி ஏறியதும் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவலி, குமட்டல். எனக்குக் கைகால் ஆடிப்போயிற்று. உடனே அடுத்த காரில் கீழே வந்தோம், பாதி வழி வருவதற்குள் அவருக்குச் சரியாகிவிட்டது.

அதனால் முதல் இரண்டு மூன்று நாள் ஊரிலேயே இருங்கள். ரெயூனியனில் கடலோரத்தில் வாழ்பவர் நீங்கள், ஷமோனியே 1,035 மீட்டர். போகிற அன்று நடு நிலையத்தில், பிளான் தெ லெகுயில், 2,317 மீட்டரில் இறங்கி ஒரு மணி நேரம் உட்காருங்கள். மேலே போனதும் படிகளில் மெதுவாக நடங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு ஏதாவது இருந்தால் புறப்படும் முன் டாக்டரைக் கேளுங்கள். கோடையிலும் மேலே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கம்பளிக் குல்லாய், கையுறை, கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரிக்கும்.

நாள் தெளிவாக இருந்தால் அங்கிருந்து சுவிட்சர்லாந்துப் பக்கத்து மாட்டர்ஹார்ன்கூடத் தெரியும் என்கிறார்கள். நாங்கள் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், உங்கள் வயதுக்கு எதிர்ப்பக்கம் பிரேவான் போதும். அங்கிருந்து எல்லா மலையும் ஒரே வரிசையில் தெரியும், மூச்சும் முட்டாது.

புவியியல்_ஆசிரியை (சான் தெனி, ரெயூனியன்)

அக்கா, போசோன் பற்றி நான் சொல்கிறேன். வகுப்பில் பனியாறு பாடம் வரும்போது நம் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. பனி என்றால் அவர்களுக்குக் குளிர்பெட்டிதான். பித்தோன் தே நேஜுக்குப் பனிமலை என்று பேர்தான் இருக்கிறது, அதில் பனி விழுவது எப்போதாவது ஒருமுறை. அதனால் நான் எரிமலைக் குழம்பைச் சொல்லித்தான் தொடங்குவேன். ஃபூர்னேஸ் வெடித்தால் குழம்பு சரிவில் இறங்குவதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். பனியாறும் அப்படி இறங்குவதுதான், வருஷக்கணக்கில். மேலே விழும் பனி அழுந்தி அழுந்திக் கெட்டிப் பனிக்கட்டியாகி, தன் பாரத்தாலேயே நகர்கிறது. போசோன் செங்குத்தான சரிவில் இருப்பதால் மற்றவற்றைவிட வேகம் அதிகம்.

மேலே பனிக்குள் புதைந்தது எதுவாக இருந்தாலும், பத்து இருபது வருஷமோ ஐம்பது அறுபது வருஷமோ கழித்துக் கீழே நாக்கு நுனியில் வெளியே வந்துவிடும். அந்த மலையில் மோதியது ஒரு விமானம் மட்டும் இல்லை. 1950 நவம்பர் 3ஆம் தேதி மலபார் பிரின்சஸ், 48 பேர். மீட்கப் போன ரெனே பாயோ என்ற மலை வழிகாட்டியும் திரும்பவில்லை. அப்புறம் 1966 ஜனவரி 24ஆம் தேதி "கஞ்சன்ஜங்கா" என்ற போயிங், 117 பேர். ஹோமி பாபா அதில்தான் இருந்தார். இரண்டுமே ஏர் இந்தியா, இரண்டும் ஜெனீவாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவை.

2012இல் இந்தியத் தூதரகத் தபால் பை ஒன்று பனியிலிருந்து வெளியே வந்தது. 2013இல் மலையேறியவர் ஒருவருக்கு மரகதமும் நீலக்கல்லும் நிறைந்த பெட்டி கிடைத்தது, அவர் அதை அப்படியே கொண்டுபோய்ப் போலீசில் ஒப்படைத்தார். 2020இல், பனியாற்றின் பக்கத்தில் உணவகம் நடத்தும் ஒருவர் செய்தித்தாள்களைக் கண்டெடுத்தார். 1966 ஜனவரித் தாள்கள், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி முதல் பக்கத்தில். காயவைத்தால் படிக்க முடிந்ததாம். ஒரு வாரப் பழசாகக்கூட ஆகாத செய்தி, விமானத்தில் யாரோ மடியில் விரித்து வைத்துப் படித்திருப்பார்.

பனியாறு குறைந்துகொண்டே போகிறது. 1644இல், பனி வயல்களையும் வீடுகளையும் விழுங்க வருகிறது என்று பயந்து ஊர் மக்கள் ஆயரை அழைத்து வந்து பனியாற்றின் முன் ஊர்வலம் நடத்தினார்கள். இன்றைக்கு ஷமோனியிலிருந்து மோந்தான்வேருக்கு ரயிலில் போய் மேர் தெ கிளாஸ் என்ற இன்னொரு பெரிய பனியாற்றுக்கு இறங்கினால், பனி எந்த வருஷம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று வழியில் பலகை வைத்திருக்கிறார்கள். 1990 பலகையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் படிகளில் போகும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, என் வயதுக்குள் நடந்திருக்கிறது இது.

உச்சியின் உயரமும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 2021இல் 4,807.81 மீட்டர், 2023இல் 4,805.59. உள்ளே இருக்கும் பாறை 4,792 மீட்டர்தான், மேலே இருப்பது பனித் தொப்பி. காற்றும் பனிப்பொழிவும் அதைக் கூட்டிக் குறைக்கும்.

கடைசியாக ஒன்று. போசோன் உருகும் தண்ணீர் ஆர்வ் ஆற்றில் சேர்கிறது. ஆர்வ் ஜெனீவாவில் ரோன் ஆற்றில் சேர்கிறது. ரோன் கடலுக்குப் போகிறது. உங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

காரைக்கால்காரி

மூன்று பேருக்கும் நன்றி. முத்துத் தம்பி சொன்ன வரிசையை ஒரு தாளில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வலமிருந்து இடமாகப் படிக்கிறேன்: கூத்தே, மோன் பிளாங், மிதி, பிளான், பிளேத்தியேர், கிரெப்போன், ஷார்மோ, த்ரு, வெர்த். நம் சிலாவோஸோடு ஒப்பிட்டுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். சிலாவோஸ் 1,200 மீட்டரில் இருக்கிறது, பித்தோன் தே நேஜ் 3,070. தலைக்கு மேலே 1,870 மீட்டர். ஷமோனியில் தலைக்கு மேலே 3,770 மீட்டர், இரண்டு மடங்கு. கழுத்து வலிக்கும்.

தம்பி, பார்க்க எந்த நேரம் நல்லது? இங்கே மாய்தோவுக்கு ஒன்பது மணிக்கு மேல் போனால் மேகம் மூடிவிடும். அங்கேயும் அப்படித்தானா?

தாம்போன்_முத்து

அதே கதைதான் அக்கா. கோடையில் மத்தியானம் மேகம் எழும்பும், சாயங்காலம் இடியும் வரும். காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம், மனசு விடாதீர்கள்.

காரைக்கால்காரி

நேற்று முன்தினம் ஊர் திரும்பினேன். கேட்டவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் மூன்று நாள் மேகம். ஊர் ஒரு சாம்பல் பானைக்குள் இருந்தது போல. நான்காம் நாள் ஐந்தரை மணிக்கு மகள் எழுப்பினாள். இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. "அம்மா, வாசலுக்கு வா."

எல்லா மலையும் இருந்தது. இன்னும் வெளிச்சம் வரவில்லை, நீலமாக நின்றன. நான் அந்தப் பெரிய கூனைப் பார்த்தேன். முத்துத் தம்பி சொல்லாவிட்டால் அதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். அப்போது இடது பக்கம், பின்வாங்கி நின்ற அந்தத் தாழ்ந்த முனையில் மட்டும் ஒரு சொட்டு ரோஜா நிறம் விழுந்தது. கூத்தே இன்னும் இருட்டில் இருந்தது. உயரமானதைத்தானே வெயில் முதலில் தொடும்? சிலாவோஸில் பித்தோன் தே நேஜைக் காட்டி மாமியார் சொன்னதும் அதுதான். மகளிடம் காட்டினேன். மூன்று வருஷம் அங்கே இருந்தவள், "அதுவா?" என்றாள். அவளை நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் பேர் சொன்னேன், வெயில் இறங்கி வர வர. மிதி வரைக்கும் திருப்பிச் சொன்னாள், அப்புறம் தூக்கம் வந்துவிட்டது அவளுக்கு.

மிதிக்கு நான் போகவில்லை. மொரிஷியஸ் ஐயா சொன்னபடி பிரேவானுக்குப் போனேன். வெர்த் முதல் கூத்தே வரை ஒரே பார்வையில் தெரிந்தது. அங்கே ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மகள் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். டாக்டர் பக்காரின் சிலையையும் தேடிப் போய்ப் பார்த்தேன், உட்கார்ந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போசோன் நான் நினைத்ததைவிட அருகில் இருந்தது. ஓரத்தில் கற்கள் படிந்து அழுக்காக, நடுவில் நீலம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆர்வ் பாலத்துக்குப் போனேன். மல்லிகை அங்கே கிடைக்காது, பூக்கடையில் வெள்ளைச் சாமந்தி இருந்தது. நாற்பத்தெட்டுப் பூ எண்ணி வாங்கினேன், வழிகாட்டிக்கு ஒன்று சேர்த்து நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றாகத்தான் விட்டேன். தண்ணீர் அவ்வளவு வேகம், கையை விட்டதும் பூ பாலத்துக்கு அடியில் போய்விட்டது.

சுவரில் ஒட்டிய தாளை இன்னும் எடுக்கவில்லை. அதில் ஒரு திருத்தம் உண்டு தம்பி: பிளேத்தியேருக்கும் கிரெப்போனுக்கும் நடுவில் ஒரு சின்ன முனை தெரிகிறது, நீங்கள் சொல்லவில்லை. அதன் பேர் என்ன?